ஹாம்பர்க்கில் ஒரு பகல்: செங்கல் கட்டடங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

பாய்மரம்77

ஜூன் நடுவில் ஒரு வியாழக்கிழமை, ஹாம்பர்க். காலை 8 மணிக்கு ஹௌப்ட்பான்ஹோஃபில் (மத்திய ரயில் நிலையம்) இறங்கினால் இரவு 9 வரை நேரம். பழைய கட்டடங்கள் மட்டும்தான் நோக்கம். மினியேச்சர் ரயில், ரீப்பர்பான், கடைவீதி எதுவும் வேண்டாம். பட்டியலில் இருப்பவை: சீலெஹவுஸ் அலுவலகக் கட்டடம், ஷ்பைஷர்ஷ்டாட் கிடங்குகள், நிகோலாய் தேவாலயக் கோபுரம், மிஷெல் தேவாலயம், ராட்ஹவுஸ் (நகர்மன்றம்), எல்ப்பில்ஹார்மோனி இசையரங்கம், எல்பே ஆற்றின் அடியில் போகும் பழைய சுரங்கம்.

நால்வரில் ஒருவருக்கு மூட்டுவலி, கோபுரப் படிகள் ஆகாது. எந்த வரிசையில் போகலாம்? படகுச் சவாரி தேவையா? இரண்டு கோபுரங்களில் ஒன்றை விடுவதென்றால் எதை?

---

செங்கற்சூளை

வரிசையைச் சூரியனிடம் விட்டுவிடுங்கள். கிழக்கே தொடங்கி மேற்கே முடியுங்கள்.

சீலெஹவுஸின் புகழ்பெற்ற கப்பல்முனை கிழக்கு பார்த்தது. காலை 8.30-க்கு வெயில் நேராக அதன்மேல் விழும். பிற்பகலில் போனால் முனை நிழலில் கிடக்கும், பின்னால் வானம் வெளுத்திருக்கும், எடுக்கும் படமெல்லாம் கறுப்பு முக்கோணம்தான். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. பலரும் முனைக்கு நேர் எதிரே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது பாதிதான். தெற்கே பும்பன் தெருவுக்கு வாருங்கள். அங்கே சுவர் நெளிந்து வளைகிறது. சன்னல்களுக்கு இடையிலுள்ள தூண்கள் முக்கோணமாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சுவரை ஒட்டி நடந்துகொண்டே மேலே பார்த்தால் சன்னல்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் வெறும் செங்கல் மடிப்பு மட்டும் தெரியும். நான்கு அடி பின்னே வந்தால் கண்ணாடி மறுபடியும் தலைகாட்டும். 

ஃப்ரிட்ஸ் ஹோகர் 1922 முதல் 1924 வரை கட்டியது. சிலியில் வெடியுப்பு வணிகம் செய்து பணம் சேர்த்த ஹென்றி ஸ்லோமனின் கட்டடம் என்பதால்தான் ‘சிலி வீடு’ என்ற அந்தப் பெயர், முனையில் காண்டர் கழுகு. 48 லட்சம் கிளிங்கர் செங்கற்கள் போயிருக்கின்றன. கிளிங்கர் என்பது சாதாரணச் செங்கல்லைவிட அதிக வெப்பத்தில், மண் கண்ணாடியாக இறுகும் அளவுக்குச் சுட்டது. தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, கடற்காற்றுக்கும் கரிப்புகைக்கும் அசையாது. அதிகமாக வெந்து நிறம் மாறியவை, கோணியவை எல்லாவற்றையும் ஹோகர் கழிக்காமல் வைத்துக் கட்டினார். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சதுர மீட்டர் சுவரை நிதானமாகப் பாருங்கள்: ஊதா, துருச்சிவப்பு, ஏறத்தாழக் கறுப்பு, நடுநடுவே எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் ஒன்றிரண்டு. சூளையில் ஒவ்வொரு கல்லும் எங்கே இருந்தது என்பதை நிறமே சொல்லிவிடும்.

வியாழன் என்பது வசதி. இவை இன்றும் அலுவலகங்கள். வேலைநாளில் படிக்கட்டுக் கூடங்கள் திறந்திருக்கும், எட்டிப் பார்க்கலாம். எதிரே ஷ்ப்ரிங்கன்ஹோஃப், சுவர் முழுக்க வைரக்கட்டம் போட்டது. இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம். பிறகு தெற்கே மெஸ்பெர்க் வழியாகக் கால்வாயைத் தாண்டினால் ஷ்பைஷர்ஷ்டாட்.

---

நடைப்பிரியன்

படம் எடுப்பவருக்குச் சூரிய வரிசை சரி. கட்டடம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் கால வரிசைதான். தொடங்க வேண்டிய இடம் டைஷ்ஷ்ட்ராசெ.

அங்கே மிஞ்சியிருக்கும் 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான வணிகர் வீடுகளைக் கவனியுங்கள். தெருப்பக்கம் வாசல், அலுவல், குடும்பம். பின்பக்கம் நிகோலாய் கால்வாய். படகிலிருந்து சரக்கைத் தூக்கத் தூக்குபொறி, மேலே கிடங்கு. குடியிருப்பு, கணக்கு, சரக்கு மூன்றும் ஒரே கூரையின் கீழ். பின்பக்கத்தைப் பார்க்க ஹோஹெ ப்ரூக்கெ பாலத்தில் நிற்க வேண்டும். தெருவில் மட்டும் நடந்துவிட்டுப் போனால் அழகான உணவக வரிசை என்றுதான் தோன்றும்.

1888-இல் ஹாம்பர்க் ஜெர்மன் சுங்க எல்லைக்குள் சேர்ந்தது. வரியில்லாமல் சரக்கு வைக்க இடம் வேண்டும் என்று வணிகர்கள் கேட்டதால் தனித் துறைமுகப் பகுதி ஒதுக்கப்பட்டது. அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. கேர்வீடர், வான்ட்ராம் தீவுகளில் இருந்த வீடுகளை இடித்து ஏறத்தாழ 20,000 பேரை வெளியேற்றித்தான் ஷ்பைஷர்ஷ்டாட் எழுந்தது. அதாவது சரக்கு தனியே பிரிந்தது. அடுத்து அலுவல் பிரிந்து 1920-களின் சீலெஹவுஸ் மாதிரிக் கட்டடங்களுக்குப் போனது. குடும்பம் புறநகருக்கு. ஒரு வீடு மூன்றாக உடைந்த கதை இது. சீலெஹவுஸில் தொடங்குவது கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பது.

1842 மே 5 அதிகாலை ஊரையே எரித்த பெருந்தீ தொடங்கியதும் டைஷ்ஷ்ட்ராசெயில்தான். தீ வடக்கே பரவியதால் தொடங்கிய தெருவில் சில வீடுகள் தப்பின, பழைய நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. இன்றுள்ள ராட்ஹவுஸ், ஆல்ஸ்டர் ஆற்றோரத்து வெனிஸ் பாணி வளைவுகள், நிகோலாய் கோபுரம் எல்லாமே அந்தத் தீக்குப் பிறகு வந்தவை. இது தெரியாமல் போனால் ‘பழைய நகரம் எங்கே?’ என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

---

ஓதம்

ரெண்டு பேரும் சூரியனையும் சரித்திரத்தையும் சொல்லுறீங்கள். ஹம்பேர்க்கில நேரத்தைத் தீர்மானிக்கிறது தண்ணி.

கடல் நூறு கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும் எல்பேயில வத்துப்பெருக்கு உண்டு. சாங்க்ட் பவுலி நீர்மட்ட அளவுகோலில ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் மூன்றரை மீற்றருக்கு மேல. ஷ்பைஷர்ஷ்டாட் கால்வாயள் ஆழமில்லாதவை. வத்து நேரத்தில அடியில சேறு, சுவரில பாசி, படகு உள்ள போகாது. நல்லாப் பெருகி நிண்டாலும் பாலங்களுக்குக் கீழ தலை இடிக்கும், அப்பவும் போகாது. இடைப்பட்ட நேரம்தான் சரிவரும். அதைத் தவறவிட்டால் படகுக்காரர் பெருந்துறைமுகத்தைச் சுத்திக் காட்டிப்போட்டு இறக்கிவிடுவார். கொள்கலன் பாரந்தூக்கியளும் பழுதுபார்க்கிற கப்பலும் பார்க்கலாம், செங்கல் கிடங்கு இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

போகிற நாளுக்கான ‘சாங்க்ட் பவுலி’ நீர்மட்ட அட்டவணையை முதல் நாளே பாருங்கோ. நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிசம் பின்தள்ளும், ஆகவே ‘போன கிழமை 11 மணிக்குப் போனாங்கள்’ எண்டு ஆராவது சொன்னதை நம்பக்கூடாது. ரெண்டாவது, பெரிய தட்டுக் கப்பலில ஏறாதேங்கோ, அது பாலத்துக்குக் கீழ நுழையவே நுழையாது. தட்டையான சின்னப் படகு, ‘பார்க்காஸ்’ எண்டு சொல்லுறது, அதுதான் வேணும். மூண்டாவது, காசு குடுக்க முதல் ‘இண்டைக்கு இந்த நேரம் ஷ்பைஷர்ஷ்டாட்டுக்குள்ள போகுதோ’ எண்டு வாய்விட்டுக் கேளுங்கோ. பலகையில எழுதியிருக்கிறது போதாது.

படகு தேவையோ எண்டால், ஓம். அந்தக் கட்டடங்களுக்கு ரெண்டு முகம், தண்ணிப்பக்கம்தான் முன்முகம்.

---

செங்கற்சூளை

நடைப்பிரியன் சொல்லும் கதை சரி. ஆனால் டைஷ்ஷ்ட்ராசெ மேற்கே இருக்கிறது. அங்கே தொடங்கினால் கிழக்கே போய் மீண்டும் மேற்கே வர வேண்டும், மூட்டுவலிக்காரருக்கு வீண் நடை. கதையைத் தலைகீழாக வாசிப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. முதலில் துண்டுகள், பிறகு முழு வீடு.

ஷ்பைஷர்ஷ்டாட்டில் என்ன பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டர் சிவப்புச் சுவராகவே முடிந்துவிடும். 1885-இல் தொடங்கி 1927 வரை கட்டம் கட்டமாகக் கட்டியது. பொறுப்பேற்ற பொறியாளர் ஃப்ரான்ஸ் ஆந்த்ரேயாஸ் மையர். ஆற்றுச் சேற்றில் ஓக் மரத் தூண்களை அடித்து, அதன்மேல் எழுப்பியது. தண்ணீருக்குள்ளேயே இருக்கும் ஓக் அழுகாது. காற்றுப் பட்டால்தான் சீரழியும்.

ஒரு கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் தளத்துக்கொரு கதவு. கோட்டின் உச்சியில் கூரைமுகட்டிலிருந்து செம்புத் தகடு போர்த்த சின்னக் கூண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் தூக்குபொறி. படகிலிருந்து மூட்டை நேராக மேலே போய் அந்தந்தத் தளத்துக் கதவில் உள்ளே இழுக்கப்படும். தெருப்பக்கமும் அதே கோடு, வண்டியில் இறக்க. தொடக்ககாலத் தூக்குபொறிகள் நீரழுத்தத்தில் ஓடின. அழுத்தம் கொடுத்த கொதிகலன் கூடம் ஆம் சான்ட்டோர்காய் தெருவில் இன்றும் இருக்கிறது. போரில் போன புகைபோக்கிகள் இருந்த இடத்தில் வெறும் இரும்புக் கம்பிக்கூடு வைத்திருக்கிறார்கள்.

அலங்கார முகடு, சிறு கோபுரம், பச்சை மெருகுச் செங்கல் என்றால் பழையது. தட்டையான, சாதுவான சுவர் என்றால் பெரும்பாலும் போருக்குப் பிறகு வெர்னர் கால்மோர்கன் கட்டியது. ஏறத்தாழப் பாதி இரண்டாம் உலகப்போர்க் குண்டில் அழிந்தது. சில இடங்களில் ஒரே சுவரிலேயே பழையதும் புதியதும் ஒட்டும் இடம் தெரியும், காரையின் நிறத்தைப் பாருங்கள்.

---

நிழற்படப்பெட்டி

இரண்டு நடைமுறைக் குறிப்புகள்.

தபால் அட்டையில் வரும் நீர்மாளிகையை (இரண்டு கால்வாய்களுக்கு நடுவே மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடம்) பொக்கன்மூலன் பாலத்திலிருந்து மேற்கு பார்த்து எடுக்க வேண்டும். ஆக அதற்கும் காலை வெயில்தான். சீலெஹவுஸ் முடித்துப் பத்தரை மணிக்குள் போனால் சரியாக இருக்கும். மாலையில் எதிர்வெயில். விளக்கு ஏற்றிய பிறகு எடுக்கலாம்தான், ஆனால் ஜூனில் இருட்ட பத்தரை ஆகும், உங்களுக்கு 9 மணி ரயில். மறந்துவிடுங்கள்.

கால்வாய்கள் கிழக்கு மேற்காக ஓடுவதால் ஒரு கரை எப்போதும் வெயில், எதிர்க்கரை எப்போதும் நிழல். ஒரே படத்தில் இரண்டையும் அடக்க முயன்றால் ஒன்று வெளுக்கும், மற்றது கறுக்கும். கிப்பெல்ஷ்டெக் நடைபாலம் உயரத்தில் போகிறது, அங்கிருந்து வெயில்படும் கரையை மட்டும் குறிவையுங்கள்.

மழை பெய்தால் சோர்ந்துவிட வேண்டாம். ஈரத்தில் கிளிங்கரின் நிறம் இன்னும் எடுப்பாக இருக்கும். வெறும் மேகமூட்டம்தான் மோசம்.

---

பாய்மரம்77

நன்றி. கோபுரம் பற்றி யாரும் சொல்லவில்லையே? எல்ப்பில்ஹார்மோனி ‘பழைய கட்டடம்’ கணக்கில் வருமா?

---

கோபுரதாசன்

நிகோலாயில் ஏறுங்கள், மிஷெல் கோபுரத்தை விடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. 1874-இல் முடிந்தபோது 147 மீட்டரில் உலகிலேயே உயரமான கட்டடம், 1876 வரை. 1943 ஜூலைக் குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்தது, கோபுரம் நின்றது. விமானிகளுக்கு அடையாளம் காட்டியதும் இதே கோபுரம்தான். கூடத்தின் சுவர்களைப் பின்னர் 1951-இல் இடித்தார்கள். ஆகவே ‘குண்டு போட்ட அன்று இருந்தபடியே’ என்று நினைத்துப் போகாதீர்கள். கோபுரமும் கிழக்குப் பகுதியின் மிச்சமும்தான் நினைவிடமாக நிற்கின்றன. நிலவறையில் அருங்காட்சியகம் இருக்கிறது, குண்டுவீச்சைப் பற்றியது, பூசிமெழுகாமல் வைத்திருக்கிறார்கள். முக்கியமானது: கோபுரத்துக்குள்ளேயே கண்ணாடி லிஃப்ட், 76 மீட்டர் வரை. உங்கள் மூட்டுவலிக்காரரும் வரலாம். பலத்த காற்றென்றால் நிறுத்திவிடுவார்கள், அது மட்டும் அதிர்ஷ்டம்.

மிஷெல் 132 மீட்டர், மேல்தளத்துக்கு 452 படி. அங்கும் லிஃப்ட் உண்டு. காட்சி நிகோலாயைவிட விரிவானது, துறைமுகம் முழுக்க விரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டடத்தைப் பார்க்க வருபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 18-ஆம் நூற்றாண்டு பரோக் தேவாலயம் 1906-இல் கூரைவேலையின்போது பற்றிய தீயில் எரிந்தது. 1912-இல் திறந்தது வெளித்தோற்றம் அதேதான், உள்ளே எஃகும் கான்கிரீட்டும். ஊரார் கேட்டது அதைத்தான், அவர்களைக் குறைசொல்லவில்லை. உள்ளே போய் வெள்ளையும் பொன்னுமான கூடத்தைக் கால் மணி நேரம் பாருங்கள், கோபுரத்தை விடுங்கள். 

மிஷெலுக்கு வந்துவிட்டு எதிர்ச்சந்தில் நுழையாமல் போகிறவர்கள்தான் அதிகம். கிராயன்காம்ப் 10-இல் க்ராமராம்ட்ஸ்ஷ்டூபன், கடைக்காரர் சங்கம் தன் விதவைகளுக்காக வைத்திருந்த 17-ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடுகள். ஒடுங்கிய முற்றம். பத்து நிமிடம் போதும்.

---

நடைப்பிரியன்

எல்ப்பில்ஹார்மோனியின் மேல்பாதி 2017. கீழ்ப்பாதி கால்மோர்கன் 1960-களில் கட்டிய காய்ஷ்பைஷர் ஏ, கொக்கோ மூட்டைக் கிடங்கு. ஆனால் எஞ்சியது வெளிச்சுவர் மட்டும்; உள்ளே முழுக்கக் குடைந்து எடுத்துவிட்டார்கள். பழைய அடித்தளத்தில் 1,111 தூண்கள் இருந்தன, புதுச் சுமைக்காக இன்னும் 650 இறக்கினார்கள். மொத்தச் செலவு 80 கோடி யூரோவைத் தாண்டியதற்கு இது மாதிரி எத்தனையோ.

37 மீட்டர் உயரத்தில் செங்கல்லும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் பிளாசா. சீட்டு எடுத்துத்தான் ஏற வேண்டும், வளைந்த நீள நகரும் படியில் கொண்டுபோய் விடும், மூட்டுவலிக்குத் தொல்லையில்லை. வெளிமாடத்தில் ஒரு சுற்று வந்தால் ஷ்பைஷர்ஷ்டாட்டின் செம்புக் கூரைகள் மேலிருந்து தெரியும். அதற்காக மட்டும் ஏறலாம். நண்பகலில் வரிசை நீளும். மாலை 4-க்குப் பிறகு போங்கள்.

ராட்ஹவுஸ் வாசல்கூடமும் உள்முற்றமும் போதும். 1897-இல் திறந்தது, 647 அறைகள். முற்றத்து நீரூற்றில் உள்ள ஹைஜியா (உடல்நலத் தெய்வம்) சிலையை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்: 1892 காலராவில் 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்த நினைவு அது. சுத்திகரிக்காத எல்பே நீரைக் குடித்ததால் வந்த சாவு.

---

ஓதம்

ரிக்கற் பற்றி. ‘ஏபி’ வலய ஒருநாள் ரிக்கற் எடுத்தால் உ-பான் (நகர ரயில்), பேருந்து, ஆற்றுப் பயணியர் படகு எல்லாத்துக்கும் செல்லும். ஜெர்மனி மாதாந்தச் சீட்டு வைச்சிருந்தால் அதுவே காணும். அந்தப் பயணியர் படகையும் பார்க்காஸையும் குழப்பக்கூடாது. 62-ஆம் இலக்கப் படகு லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையிலயிருந்து ஃபிங்கன்வெர்டர் போகும், மீன் ஏல மண்டபம் ஆற்றிலயிருந்து வடிவாத் தெரியும், கால்வாய்க்குள்ள போகாது. 

நடந்து களைச்சால் ராட்ஹவுஸிலயிருந்து உ3 (உ-பான் 3-ஆம் பாதை) ஏறி லாண்டுங்ஸ்ப்ரூக்கன் வரை போங்கோ. ரூடிங்ஸ்மார்க்ட்டில மேல ஏறி, பௌம்வால் தாண்டினதும் துறைமுகம் சன்னலுக்குள்ள வரும். 1912-ஆம் ஆண்டுப் பாதை. இடப்பக்கம் இருக்கோணும்.

ஷ்பைஷர்ஷ்டாட் தெருவெல்லாம் உருளைக்கல் பதிச்சது. மூட்டு நோவுக்காரர் தடித்த அடிச் சப்பாத்து போடட்டும். தெரு தாழ்வாக இருக்கு, புயல்வெள்ளத் தடுப்புக்கு வெளியில. 1962 பெப்ரவரி வெள்ளத்தில ஹம்பேர்க்கில மட்டும் 315 பேர் செத்தவை. பக்கத்துப் புது நகர்ப்பகுதி ஹாஃபன்சிட்டியை அதனாலதான் கடல்மட்டத்திலயிருந்து எட்டு மீற்றருக்கு மேல வாறமாதிரி உயர்த்திக் கட்டினவை. கிப்பெல்ஷ்டெக் பாலம் உயரத்தில போறதும் அலங்காரத்துக்கில்லை. வெள்ளம் வந்தால் தப்பியோட அதுதான் வழி.

கோர்ன்ஹவுஸ் பாலத்தின்ர வடக்கு முனையில ஒருபக்கம் கொலம்பஸ், மற்றப்பக்கம் வாஸ்கோ ட காமா. கோழிக்கோட்டு மிளகைத் தேடிப் போனவர் மிளகு மூட்டை அடுக்கின கிடங்குக்கு வாசலில நிக்கிறார். ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கிறதில்லை.

---

நிழற்படப்பெட்டி

பழைய எல்பே சுரங்கத்தைக் கடைசியில் வையுங்கள். 1911, 426 மீட்டர் நீளம், 24 மீட்டர் ஆழம். நடப்பவருக்குக் காசில்லை, லிஃப்ட் உண்டு. சுவர் ஓடுகளுக்கு நடுவே மீன், நண்டு, எலி புடைப்புச் சிற்பங்கள் மங்கலான ஒளியில் எளிதில் தப்பிவிடும். சுவரோரமாகவே நடங்கள், சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள். தென்கரையில் ஏறி வெளியே வந்து திரும்பிப் பாருங்கள்: வடக்கு நோக்கிய பார்வை என்பதால் பின்னாலிருந்து வெயில், மிஷெல், நிகோலாய், எல்ப்பில்ஹார்மோனி மூன்றும் ஒரே வரிசையில். ஜூனில் ஏழு மணிக்கு வெயில் மேற்கே சாய்ந்து பக்கவாட்டில் விழும், கோபுரங்கள் உருண்டு தெரியும்.

---

பாய்மரம்77

அப்படியானால்: 8.30 சீலெஹவுஸ், 10 நீர்மாளிகை, கிடங்குகள், நீர்மட்டம் பார்த்து நடுவில் பார்க்காஸ், பிற்பகல் டைஷ்ஷ்ட்ராசெ, நிகோலாய், ராட்ஹவுஸ், உ3-இல் மேற்கே மிஷெல், பிறகு எல்ப்பில்ஹார்மோனி, சுரங்கம். சரியா?

---

செங்கற்சூளை

மிஷெலையும் எல்ப்பில்ஹார்மோனியையும் இடம் மாற்றுங்கள். ராட்ஹவுஸிலிருந்து உ3-இல் பௌம்வாலில் இறங்கினால் எல்ப்பில்ஹார்மோனி பக்கம். அங்கிருந்து ஆற்றோர வெள்ளத்தடுப்பு மேடை வழியாக மேற்கே நடந்தால் மிஷெல், பின் லாண்டுங்ஸ்ப்ரூக்கன், சுரங்கம். முன்னும் பின்னும் அலைய வேண்டாம். மிஷெல் மூடும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காஸ் நேரம் காலையில் வந்தால் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளும், அப்போது ராட்ஹவுஸை வெட்டுங்கள். மணற்கல் நகர்மன்றம் ஜெர்மனியில் எங்கும் பார்க்கலாம்.

---

நடைப்பிரியன்

ஹைஜியாவைப் பார்க்காமல் போகச் சொல்கிறீர்கள்.

---

செங்கற்சூளை

ஆமாம். கிடங்கு முக்கியம்.

---

சக்கரக்கால்

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். இதே திட்டம் ஒத்துவருமா?

---

கோபுரதாசன்

மூன்று மாற்றம். சீலெஹவுஸ், ஷ்ப்ரிங்கன்ஹோஃப் படிக்கட்டுக் கூடங்கள் பூட்டியிருக்கும், வெளிச்சுவரோடு சரி. மிஷெலில் காலை வழிபாடு நடக்கும்போது சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். நண்பகல் 12-க்குக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள் (மற்ற நாட்களில் காலை 10, இரவு 9), அந்த நேரத்துக்கு வெளியே நில்லுங்கள். ஈடாக உங்களுக்கு மீன் சந்தை கிடைக்கிறது: கோடையில் காலை 5 முதல் 9.30 வரை. 1896-இன் ஏல மண்டபம் அப்போது திறந்திருக்கும். இரும்பும் கண்ணாடியும் செங்கல்லுமான கூடம், உள்ளே பாட்டுக்குழுவும் பீரும். 8 மணிக்குப் போனாலும் நிற்க இடமிருக்கும்.